இந்தூரில் ஏழு பேர்

எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணத் தொடங்கியவனுக்கு, வந்தது யார் என்று கேட்கத் தோன்றாது. இதைச் சிலர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வார்கள். நானும் புத்தகம் படிக்கிற ஆள்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் திருச்செங்கோட்டிலிருந்து இந்தூர் வரைக்கும் ஒரு ரிக் வண்டியின் முன்சீட்டில் குலுங்கிக்கொண்டே போய்க் கற்றுக்கொண்டேன். போன தூரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். (திரும்பிய தூரம் தனி. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று மச்சான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

ரிக் வண்டி என்பது ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு போகும் லாரி. எங்கள் ஊரில் அது தெருவுக்கு இரண்டு நிற்கும். தை பிறந்ததும் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பும். கூடவே குழாய் ஏற்றிய லாரி ஒன்றும், ஓட்டுநர், துளை போடுகிறவர், கையாட்கள், சமையல்காரர் என்று ஒரு குடும்பமும் போகும். மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். சீசனில் ஒரு ரிக் சும்மா நின்றால் அத்தனை பேரும் சும்மா நிற்கிறார்கள் என்று பொருள்.

அப்போது நான் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு அக்கா மரகதத்தின் வீட்டு மாடியறையில் இருந்தேன். செய்துகொண்டிருந்த வேலை, தேதி போடுவது. எதைப் பார்த்தாலும் அது என்றைக்கு நடந்தது என்று குறித்து வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தெருவுக்குத் தார் போட்டது கார்த்திகை இரண்டாம் வியாழன் என்பேன். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது அதற்கு முந்தைய அமாவாசை என்பேன். யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நான் நிறுத்தியதும் இல்லை.

மச்சான் அர்த்தநாரி, அதாவது அக்காவின் கணவர், இரண்டு ரிக்குகளுக்கு முதலாளி. ஒருநாள் சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன் மாப்ள, சும்மாதான இருக்கற? நம்ம கம்பெனிக்கு ஒரு வெப்சைட்டு போட்டுக் குடேன். எதிர்ல இருக்கறவன் போட்டுட்டான். அவனுக்கு வண்டியே ஒண்ணுதான்."

போட்டுக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் ரிக்கின் படம், இரண்டாவதில் எத்தனை அடி வரை போடுவோம் என்ற விவரம், மூன்றாவதில் என் தொலைபேசி எண். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான்காவதாக 'ஊர்ச்சேதி' என்று ஒரு பக்கம் திறந்தேன். அன்றன்று ஊரில் என்ன நடந்ததோ அதை நாள் தவறாமல் அதில் எழுதினேன். எந்தத் தெருவில் யாருக்குக் கல்யாணம், சங்ககிரிச் சாலையில் எங்கே பள்ளம், எந்தக் கோயிலில் நோம்பி என்கிற திருவிழா, அதைத் தொடங்கும் பூச்சாட்டு என்றைக்கு, மலைமேல் மேகம் இறங்கியதா இல்லையா, எல்லாம். போர்வெல் கம்பெனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மச்சான் கேட்டிருப்பார். அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. வெப்சைட்டின் முகவரியை மட்டும் இரண்டு வண்டிகளிலும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் பெயிண்டில் எழுத வைத்தார்.

வெப்சைட்டோடு கூடவே வந்தது அறிக்கை. அதாவது, யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் இலவசக் கணக்கு. எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், ஒரே பக்கத்தோடு திரும்பிவிட்டார்களா என்று கோடு கோடாக வரைந்து காட்டும். தேதி போடும் வியாதிக்காரன் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? காலையில் பல் விளக்குமுன் அதைத்தான் பார்ப்பேன்.

முதல் மாதம் ஏகப்பட்ட வருகை. துள்ளிக் குதித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி அக்காவிடம் காட்டினேன்.

அக்கா பருப்புக் கடைந்துகொண்டே கேட்டாள்: "நீ தெனம் எத்தன தடவ தொறந்து பாக்கற?"

"இருபது... முப்பது..."

"அப்பறம் என்னடா, அத்தனையும் நீதான்."

நான்தான். பிறகு என் கைப்பேசியைக் கணக்கில் சேர்க்காதிருக்க வழி கண்டுபிடித்தேன். அதைச் செய்த அன்று கோடு பொத்தென்று தரையில் விழுந்தது. ஆனால் எனக்குள் ஒரு கர்வம் முளைத்தது. பொய்யான வருகை எது, மெய்யான வருகை எது என்று பிரிக்கத் தெரிந்தவன் நான்! இனி இந்த அறிக்கையால் என்னை ஏமாற்ற முடியாது!

ஏமாற்றவில்லைதான். நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

தை மாதம் முதல் வண்டி சத்தீஸ்கருக்குப் போனது. ராய்ப்பூருக்குத் தெற்கே காட்டை ஒட்டிய ஒரு கிராமம். இரண்டாவது வண்டி எஞ்சின் வேலைக்காக வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்திலேயே நின்றது. தைப்பூசம் முடிந்த வாரத்தில் அறிக்கையில் ஒரு புதிய ஊர் தலைகாட்டியது. இந்தூர். முதல் நாள் ஒருவர், அடுத்த நாள் மூவர். அந்த வாரக் கடைசியிலிருந்து தினமும் ஏழு பேர்.

இந்தூர் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இருந்த இடத்துக்கும் அதற்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே அவர்கள் புதியவர்கள். புதியவர்கள் போர்வெல் கம்பெனியின் பக்கத்துக்கு வந்தால் எதற்கு வருவார்கள்? தண்ணீருக்கு!

அறிக்கையை மேலும் தோண்டினேன். ஏழு பேரும் இருட்டிய பிறகே வந்தார்கள். (பகலெல்லாம் வயலில் வேலை பார்க்கும் விவசாயிகள்!) வந்தவர்கள் நெடுநேரம் இருந்தார்கள். சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம். உலகத்தில் எந்த வெப்சைட்டிலும் மனிதர்கள் ஒரு நிமிடம் தங்குவதே அபூர்வம் என்று படித்திருந்தேன். (எவ்வளவு தாகம் இருந்தால் பன்னிரண்டு நிமிடம் உட்காருவார்கள்!) ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். (தேடி வந்தது கிடைத்துவிட்டது!) அந்த ஒரே பக்கம் ஊர்ச்சேதி. அவர்களுடைய கைப்பேசிகளின் மொழி, தமிழ்.

இந்தக் கடைசி இரண்டு தகவல்களைப் படித்ததும் எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட ஏதாவது உறைத்திருக்கும். எனக்கு உறைத்தது இதுதான்: இந்தூரில் பெரிய தமிழ் விவசாயக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் அதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

மாசி இரண்டாம் ஞாயிறு. இரண்டாவது வண்டியின் எஞ்சின் தயார். எங்கே அனுப்புவது என்று கூடத்தில் பேச்சு. கர்நாடகத்திலிருந்து பழைய ஏஜென்ட் ஒருவர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிணறு போட வேண்டிய இடத்தைத் தொழிலில் பாயிண்ட் என்பார்கள். தன்னிடம் பத்துப் பாயிண்ட் கையில் இருக்கிறது, உடனே அனுப்புங்கள் என்பது அவர் பேச்சு. மச்சானும் அனுப்பத்தான் இருந்தார். நான் மடிக்கணினியோடு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"மச்சான், பத்துப் பாயிண்டுக்கு எதுக்குங்க கர்நாடகா? இந்தூர்ல ஒரு சந்தையே நமக்காகக் காத்திருக்குதுங்க."

கோடுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னேன். மால்வா பீடபூமியின் கரிசல் மண், அடியில் கரும்பாறை, நிலத்தடி நீர் மட்டம், அந்த வட்டாரத்தை ஆண்டவர்கள் வெட்டிய குளங்கள் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். மச்சான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். படித்தவன் கோடு போட்டுக் காட்டினால் அவருக்கு ஒரு மரியாதை.

அக்கா மட்டும் சமையற்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ஏன்டா, இந்தூர்க்காரனுக்கு நம்மூரு மாரியம்மன் நோம்பி எதுக்குடா?"

"நம்பிக்கை வரணுமில்ல அக்கா. கம்பெனிக்காரங்க எப்படிப்பட்டவங்க, ஊர் எப்படின்னு பாக்கறாங்க."

"பன்னண்டு நிமிசமா?"

"அவங்களுக்குக் கஷ்டம் அக்கா. தண்ணியில்லாத கஷ்டம்."

மச்சான் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு கர்நாடக ஏஜென்டைக் கூப்பிட்டு, "இந்த வருசம் வேற பக்கம் போறமுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி மாப்ள. வண்டி போகட்டும். ஆனா நீயும் வண்டியோட போற. அந்த ஏழு பேர்த்த எனக்குக் காட்டற."

சீசனின் முதல் பாயிண்டில் முதலாளியே தேங்காய் உடைத்துத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். உடைக்காமல் துளை போட்டால் பாறைக்கு நடுவில் குழாய் சிக்கிக்கொள்ளும் என்று பயம். மச்சான் பிறகு விமானத்தில் வருவதாக ஏற்பாடு. அவருக்கு அதுதான் முதல் விமானம். வீட்டுத் தென்னையில் பறித்த தேங்காய், எலுமிச்சை, கற்பூரம், முதல் வாடிக்கையாளருக்குப் போர்த்த ஒரு பொன்னாடை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அக்கா என் மடியில் வைத்தாள்.

சிவராத்திரி கழிந்த வெள்ளிக்கிழமை கிளம்பினோம். ஓட்டுநர் பொன்னுசாமி அண்ணன். முப்பது வருடமாக ரிக் ஓட்டுகிறவர். கிருஷ்ணகிரி தாண்டியதும் நான் அந்தந்த ஊரின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். எந்தக் கோட்டை எந்தப் போரில் விழுந்தது, எந்த ஆற்றுக்கு எப்போது பாலம் வந்தது என்று. ஆந்திரா எல்லை வரைக்கும் பொறுத்துக்கொண்டார்.

"சாமி, செத்துப்போனவங்க கதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நான் கண்ணசந்தா நம்ம கதையும் அதுல சேந்துபோயிரும். செத்த சும்மா வாங்க."

நான்காம் நாள் நாக்பூர். அங்கே சாலை பிரிகிறது. பொன்னுசாமி அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வலது பக்கம் கைகாட்டினார்.

"இப்பிடிப் போனா ராய்ப்பூருங்க. நம்ம மொத வண்டி அங்கதான் நிக்குது. கொழந்தவேலு ரசம் வெச்சிருப்பான். ஒரு வாய் நம்மூட்டுச் சோறு தின்னுபோட்டு அப்பறம் இந்தூருக்குப் போலாமுங்களா?"

குழந்தைவேல் அண்ணன் முதல் வண்டியின் சமையல்காரர். அவர் ரசத்தின் நினைப்பில் எனக்கும் நாக்கு ஊறியது. ஆனால் கடமை பெரிதல்லவா?

"ரசத்துக்காகத் திரும்பினா அங்க காத்திருக்கறவங்க என்ன நினைப்பாங்க? நேரா போங்கண்ணே" என்றேன்.

அண்ணன் பெருமூச்சு விட்டு நேராகப் போனார். அந்தப் பெருமூச்சு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இந்தூரின் புறவழிச்சாலையில் ஒரு தாபாவுக்குப் பக்கத்தில் வண்டிகளை நிறுத்தினோம். மச்சான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே பிடித்தபடி வந்து இறங்கினார். அக்கம்பக்கம் விசாரித்தோம். மோட்டார் பம்பு விற்கும் கடைக்காரர் ஒருவர் எங்கள் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். பொன்னுசாமி அண்ணன் மொழிபெயர்த்தார்.

"நீங்களும் திருச்செங்கோடான்னு கேக்கறாருங்க. உங்கூரு வண்டி இங்க ஏற்கெனவே நாலு நிக்குதாம். இந்த சீசன் பாயிண்டெல்லாம் அவங்க புடிச்சுட்டாங்களாம்."

"தமிழ் விவசாயிங்க எங்க இருக்காங்கன்னு கேளுங்கண்ணே."

கேட்டார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைப்பையனிடம் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு நாள் போனது. ஆட்கள் எல்லோரும் லாரி நிழலில் சீட்டாடினார்கள். மச்சான் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் பாட்டுக்குக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கர்நாடகம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடனில் ஓடும் இந்த வண்டி ஒரு சீசன் முழுக்க நின்றால் அடுத்த தைக்கு அது அவர் வண்டியாக இருக்காது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் அறிக்கையைத் திறந்தேன். இப்போது, இந்தக் கணத்தில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு பகுதி அதில் உண்டு. பார்த்ததும் கத்திவிட்டேன்.

"மச்சான்! வந்துட்டாங்க! இந்தூர் ஏழு பேர்! இப்ப, இந்த நிமிஷம்!"

எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மச்சான் கட்டிலைவிட்டு எழுந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தாபாவில் மூன்று பேர் பராத்தா தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் கைப்பேசி. மச்சான் மெல்ல நடந்துபோய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். கிரிக்கெட்.

எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. படிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறார்கள்? அங்கேயே எழுதிவிட்டால்? வழியிலும் அக்காவிடம் போனில் கேட்டு நாள் தவறாமல் ஊர்ச்சேதி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அதற்குப் பதிலாக, மொழிபெயர்க்கும் செயலியை வைத்து இந்தியில் பெரிய எழுத்தில் போட்டேன்: நாங்கள் இந்தூருக்கு வந்துவிட்டோம். உங்களுக்காகவே வந்திருக்கிறோம். இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

கைப்பேசியைக் கட்டிலின் நடுவில் வைத்துச் சுற்றி நின்றோம். பொன்னுசாமி அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

மணி அடித்தது!

"ஸ்பீக்கர்ல போடு மாப்ள, ஸ்பீக்கர்ல போடு" என்றார் மச்சான். பொன்னாடையைக்கூடப் பையிலிருந்து எடுத்துவிட்டார். போட்டேன்.

"ஏனுங் தம்பி," என்றது குரல். "இந்தூருக்கு எதுக்குங்க போனீங்க?"

எனக்குத் தெரிந்த குரல். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த குரல்.

"கு... குழந்தைவேல் அண்ணனா?"

"ஆமாங்க. ஊர்ச்சேதி போடாம என்னமோ இந்தியில போட்டிருக்கறீங்க? இங்க பசங்க ஒரே சத்தம். நேத்து கோயில்ல பூச்சாட்டுன்னு போட்டிருந்தீங்க. இன்னைக்கு அம்மன் முன்னால கம்பம் நட்டாங்களா இல்லையான்னு தெரியாம சின்ராசு சோறு உங்கமாட்டேங்கறான்."

பின்னால் யாரோ கத்தினார்கள்: "நட்டாச்சான்னு கேளுங்கண்ணா!"

மச்சான் குனிந்து என் கையிலிருந்த மடிக்கணினியைப் பார்த்தார். இந்தூர், ஏழு. பிறகு கைப்பேசியைப் பார்த்துக் கேட்டார்:

"கொழந்தவேலு, நாந்தான் பேசறேன். உங்க கேம்ப்புல போன் வெச்சிருக்கறது எத்தன பேரு?"

"மொதலாளிங்களா? கும்புடறனுங்க. போனுங்களா... ஏழு பேருங்க."

மச்சான் கைப்பேசிப் பக்கம் இன்னும் குனிந்தார்.

"தெனமும் இதப் படிக்கறீங்களா?"

"அதென்னங்க அப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? வண்டியிலயே பேரு எழுதியிருக்குதுங்களே. வேல முடிஞ்சு குளிச்சுட்டு வந்தா மொத வேல அதுதானுங்க. ரசம் கொதிக்கறக்குள்ள நான் சத்தமாப் படிப்பேன். கேட்டது பத்தாதுன்னு ஆளாளுக்கு அவனவன் போன்லயும் தொறந்து வெச்சுக்குவானுங்க. அவனவன் தெரு வருதான்னு பாக்கணுமுல்ல?"

பொன்னுசாமி அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "நாக்பூர்லயே ரசம் குடிச்சிருக்கலாமுங்க" என்றார்.

அந்த இடத்தில் அந்தப் போர்வெல் இயந்திரத்தை வைத்து எனக்கு ஒரு குழி போட்டுக்கொடுத்திருந்தால் நானே இறங்கியிருப்பேன். மச்சான் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டு, திடீரென்று நிறுத்தினார்.

"கொழந்தவேலு, இரு. இந்த வருசம் மாசியில ஒருத்தனும் லீவு கேட்டு வரலியே, ஏன்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரிக் முதலாளிகளுக்கு மாசி பிறந்தாலே காய்ச்சல். ஊரில் திருவிழாக்கள் தொடங்கும். வடக்கே இருக்கிற ஆட்களின் தாத்தாக்கள் வரிசையாகச் சாவார்கள். (சிலருக்கு ஒரே தாத்தா மூன்று வருடம் செத்ததுண்டு.) ஒருவன் கிளம்பினால் பின்னாலேயே நாலு பேர் கிளம்புவார்கள். வண்டி சீசன் நடுவில் ஆளில்லாமல் நிற்கும். அந்த ஆண்டு மட்டும் முதல் வண்டியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. குழந்தைவேல் அண்ணனின் கைப்பக்குவம் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க வரோணும்?" என்றார் குழந்தைவேல் அண்ணன். "ஊர்ல என்ன நடக்குதுன்னு இங்கயே தெரியுதுங்களே. ஒருத்தன் கெளம்பிப் போனா, மத்தவங்களுக்கு நாம இல்லாதப்ப ஊர்ல என்னமோ ஆயிப்போச்சுன்னு ஒரு பதட்டம் வருமுங்க. அது இந்த வருசம் இல்லைங்க. அப்பறம் மொதலாளி, அந்த ரெண்டாவது வண்டிய அங்க எதுக்குங்க நிறுத்தியிருக்கறீங்க? இங்க நாங்க பாயிண்டு முடிக்க முடியாம கெடக்கறோம். ஆளு நிக்காம வேல பாக்கறமுல்லங்க, அதுனால பக்கத்து ஊருக்காரங்கெல்லாம் நம்மளயே கூப்படறாங்க. இன்னொரு வண்டி வேணுமுன்னு நாளைக்குக் கூப்புடலாமுன்னு இருந்தேன்."

மச்சான் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பொன்னுச்சாமி, வண்டிய எடு."

வந்த வழியே நாக்பூருக்குத் திரும்பி, இந்த முறை வளைவில் திரும்பினோம். பொன்னுசாமி அண்ணன் அந்த வளைவில் ஹாரனை நீளமாக அடித்தார். அது எனக்காக. வழியில் நான் எந்தக் கோட்டையைப் பற்றியும் பேசவில்லை. அவரே பாவம் பார்த்து, "ஏதாச்சும் ஒரு ராசா கதை சொல்லுங்க சாமி" என்று கேட்கும் நிலைமை வந்தது.

முகாமை அடைந்தபோது வெளிச்சம் போகவில்லை. ஏழு பேரும் சாலை வரைக்கும் வந்து நின்றார்கள். மச்சானுக்குக் கும்பிடு வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்கள். என் ஆயுளில் அதற்கு முன் என்னைப் பார்க்க யாரும் வரிசையில் நின்றதில்லை. மாலைகூட இருந்தது, காட்டுப்பூவில் கட்டியது. சின்ராசு அதைப் போட்ட கையோடு சண்டைக்கு வந்தான்.

"அண்ணா, சங்ககிரி, சங்ககிரின்னே எழுதறீங்களே, எங்க கொக்கராயன்பேட்டை என்னங்கண்ணா பாவம் பண்ணுச்சு? ஒரு மாசமாப் பாக்கறேன், ஒரு வரியில்ல!"

"எழுதறேன் தம்பி."

"நோம்பிக்கு மட்டுமில்லீங்கண்ணா. சும்மா ஒரு நாளும் எழுதோணும். நேத்து அங்க ஒண்ணுமே நடக்கலீன்னாக்கூட, ஒண்ணும் நடக்கலீன்னு எழுதுங்க."

ஒரு ரசம், இரண்டு ரசம், மூன்று ரசம் குடித்த பிறகு எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் தலை தூக்கினான். காட்டு ஓரத்தில் இருக்கும் இவர்கள் எப்படி இந்தூர் ஆனார்கள்? மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரையும் கைப்பேசியில் அந்தப் பக்கத்தை மூடச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்தோம். இந்தூர், பூஜ்யம்.

"ஒரு பட்டணத்தையே அணச்சுப்போட்டமுங்க!" என்றார் பொன்னுசாமி அண்ணன்.

"சின்ராசு, நீ மட்டும் தொற."

இந்தூர், ஒன்று. கைதட்டல்.

"கொழந்தவேலண்ணே, நீங்க."

இந்தூர், இரண்டு. ஒவ்வொருவராகத் திறந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கூச்சல். மச்சான் தன் கைப்பேசியிலும் திறந்தார். அவருடைய சிம் கார்டு வேறு கம்பெனி. அவர் பெங்களூரில் தோன்றினார். சிரித்து அடங்க நெடுநேரமானது. (பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கைப்பேசி வழியாக இணையத்துக்குப் போகும்போது, அந்தத் தொலைபேசிக் கம்பெனி எந்தப் பெருநகரத்தின் வாசல் வழியாக நம்மை வெளியே அனுப்புகிறதோ, அறிக்கை பெரும்பாலும் அந்த நகரத்தின் பெயரைத்தான் எழுதும். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தை அல்ல.)

மறுநாள் விடிந்ததும் இரண்டாவது வண்டியின் முதல் பாயிண்ட். மச்சான் மஞ்சள் பையை வாங்கித் தேங்காயை எடுத்தார். கற்பூரம் காட்டினார். உடைக்கப் போனவர் நிறுத்தி, என்னிடம் நீட்டினார்.

"நீ உட மாப்ள."

"மொதலாளிதான மச்சான் உடைக்கோணும்?"

"பாயிண்டு புடிச்சது நீதான?"

உடைத்தேன். இரண்டு பாதியும் சரிசமமாக விழுந்தன. உச்சிக்கு முன்பே தண்ணீர் பீறிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஓடிவந்து சேறு கலந்த அந்தத் தண்ணீரில் நனைந்துகொண்டே சிரித்தார்கள். மாலையில் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து அன்றைய ஊர்ச்சேதியை அங்கிருந்தே எழுதினேன். அன்றைக்கு எங்கள் ஊர், அந்த ஊர்தான். நாள் தள்ளிப்போயிருந்த கம்பம் நட்டாகிவிட்டது என்பதை அக்காவிடம் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, முதல் வரியாகப் போட்டேன். சின்ராசு சோறு தின்றான்.

அந்தச் சீசன் முடிய இரண்டு வண்டிகளும் ஒரு நாளும் நிற்கவில்லை. ஒரு தாத்தாவும் சாகவில்லை. ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு ஒற்றை ரிக் முதலாளி தயங்கித் தயங்கி வந்தார். தன் ஆட்கள் தெலங்கானாவில் இருக்கிறார்கள், அவர்கள் ஊரையும் கொஞ்சம் சேர்த்து எழுத முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் வந்தார். பிறகு பலர். இன்றைக்கு ஊர்ச்சேதிக்குத் தனி வெப்சைட், தனி அலுவலகம், ஊருக்கு ஊர் சேதி சொல்லும் ஆட்கள். நான் அதன் ஆசிரியர். தேதி போட்டே சோறு தின்கிற மனிதன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அறிக்கையை இப்போதும் காலையில் பார்க்கிறேன். போபால், நாக்பூர், இந்தூர் என்று வரிசையாக எரியும். ஒவ்வொன்றிலும் யார் ரசம் வைக்கிறார், யார் தன் தெருவைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். கொக்கராயன்பேட்டைக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஒன்றும் நடக்காவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுகிறேன். அதிகம் படிக்கப்படுவது அதுதான்.

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு முதல் வண்டி ஆட்கள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். மச்சான் அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்து, சம்பந்திகளிடம் முகம் மாறாமல் அறிமுகப்படுத்தினார்: "இவங்கெல்லாம் இந்தூர்ல பெரிய விவசாயிங்க. என் மச்சினனோட சிநேகிதருங்க." சம்பந்தி எழுந்து நின்று இந்தியில் வணக்கம் சொன்னார். அழைப்பு மணி அடித்துக் கதவைத் திறந்தால் யாரும் இல்லையென்றால், அக்கா இன்றைக்கும் சொல்வாள்: "இந்தூர்க்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்க போல."

எனக்குக் கல்யாணமான பிறகு என் மனைவி சுகந்தியும் இதில் சேர்ந்துகொண்டாள். எங்கள் வீட்டு இணைய இணைப்பு அறிக்கையில் சென்னை என்று காட்டும். நான் மாடியறையில் எழுதிப் போடுவதை அவள் சமையற்கட்டில் நின்றபடி உடனே திறந்து படிப்பாள். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அறிக்கையில் சென்னை, ஒன்று என்று வந்தது. பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது:

"ஏனுங்க, சென்னையிலிருந்து ஒரு வாசகி கேக்கறேன். சட்னிக்குத் தேங்கா வாங்கிட்டு வந்தாச்சுங்களா, இல்ல அதுக்கும் இந்தூருக்கே போவோணுமுங்களா?"